லீவர் ரைபிளில் கரி படியாமலிருக்க: வெடிமருந்தை மாற்றுவதா, குண்டை மாற்றுவதா, தோட்டாவையே மாற்றுவதா?

ரிவால்வருக்கென்று வெடிமருந்தைக் குறைத்து வீட்டில் மென்மையாக நிரப்பிய .45 கோல்ட் தோட்டாக்கள் பத்தை, அடியிலுள்ள நெம்புகோலை அசைத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் 1873 மாதிரி லீவர் ரைபிளில் சுட்டுவிட்டு, தெறித்து விழுந்த கூடுகளில் (தோட்டாவின் பித்தளை உறை) ஒன்றைப் பொறுக்கிப் பாருங்கள். கூட்டின் வாயிலிருந்து பாதி உடல் வரைக்கும், பெரும்பாலும் ஒரு பக்கமாக, அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடிபோலக் கரி இழுத்திருக்கும். மேல்மூடியைத் தள்ளிவிட்டு, தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் கேரியரின் மேல் ஒரு வெள்ளைத் துணியை ஒற்றி எடுத்தால் துணி சாம்பல் நிறமாகும்; கூடவே எரியாத வெடிமருந்துத் தகடுகள் சிலவும் ஒட்டிக்கொண்டு வரும். அதே தோட்டாக்களை ரிவால்வரில் சுட்டபோது இந்தத் தொல்லையை நாம் கவனித்திருக்கவே மாட்டோம். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் எப்படியும் புகை வெளியேறுகிறது, கூடுகளைக் கையால் தள்ளித்தான் எடுக்கிறோம், அழுக்குப் பட்டால் கெட்டுப்போகும் நுட்பமான பாகம் அந்த இடத்தில் அதிகமில்லை. ரைபிளில் அந்தப் புகை பின்னோக்கி வந்தால் நேராக இயங்குபாகங்களுக்குள்ளேதான் போகும். சில சமயம் சுடுபவரின் கண்ணாடிக்கும் வரும்.

இதற்குத் தீர்வு கேட்டால் முதலில் கிடைக்கும் பதில் ‘சுத்தமாக எரியும் மருந்துக்கு மாறுங்கள்’ என்பதுதான். அந்தப் பதில் பாதிதான் சரி என்பது என் கருத்து. மருந்து மீது விழும் பழியில் பெரும்பங்கு உண்மையில் கூட்டைச் சேர்ந்தது. தோட்டா வெடிக்கும்போது எழும் அழுத்தம் பித்தளைக் கூட்டின் வாயை விரித்து, தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டவைக்க வேண்டும். அப்படி ஒட்டிக்கொண்டால் வாயு பின்னால் வர வழியில்லை. அழுத்தம் போதாமலோ, பித்தளை தடிப்பாகவோ, வேலைப்பட்டு இறுகியோ இருந்தால், வாய் முழுதாக விரியுமுன்பே வாயு கூட்டுக்கும் அறைக்கும் நடுவே நுழைந்துவிடுகிறது. கூட்டின் வெளிப்புறத்தில் நாம் பார்க்கும் கரி அந்த வழித்தடம்தான். எனவே தேர்வுகளை ஒப்பிடும்போது ‘எது சுத்தமாக எரிகிறது’ என்பதோடு ‘எது கூட்டை விரைவாக அடைக்கச் செய்கிறது’ என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

.45 கோல்ட் இந்த விஷயத்தில் பிறவியிலேயே பின்தங்கியது. அதன் கூடு 1.285 அங்குல நீளம். கறுப்பு வெடிமருந்தால் வாய்வரை நிறைய வேண்டும் என்று 1870களில் வடிவமைக்கப்பட்ட கொள்ளளவு. இன்றைய புகையில்லா மருந்தைக் குறைந்த வேகத்துக்கு நிரப்பினால் கூட்டுக்குள் பெரும்பகுதி வெற்றிடமாகவே கிடக்கிறது. அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு இதற்கு வகுத்திருக்கும் உச்ச அழுத்தமே 14,000 பிஎஸ்ஐதான் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); .357 மேக்னத்துக்கு அது 35,000, .44 மேக்னத்துக்கு 36,000. அந்தக் காலத் துப்பாக்கிகளால் சுடும் கௌபாய் பாணிப் போட்டிக்காரர்கள் நிரப்பும் மென்மையான தோட்டா அந்த 14,000-த்தையும் எட்டுவதில்லை. போதாக்குறைக்கு, இதன் கூட்டுவாய்ச் சுவர் ஏறத்தாழ 0.011 முதல் 0.012 அங்குலம் தடிப்புள்ளது; .44-40 என்ற அந்தக் கால ரைபிள் தோட்டாவின் கூட்டுவாயோ ஏறத்தாழ 0.007 அங்குலம்தான். காகிதத்தில் இந்த வேறுபாடு அற்பமாகத் தெரியும். விரிய வேண்டிய பித்தளைக்கு அது மிகப் பெரியது.

வரலாற்றுக் காரணமும் ஒன்று உண்டு. 1873இல் வின்செஸ்டர் ரைபிள் .44-40 தோட்டாவோடுதான் வெளிவந்தது. அதே ஆண்டு கோல்ட் ரிவால்வர்.45 கோல்ட்டோடு வந்தது. ஒரே தோட்டா இரண்டுக்கும் வேண்டுமென்று கேட்டவர்களுக்காகச் சில ஆண்டுகளில் கோல்ட் நிறுவனமே தன் ரிவால்வரை .44-40க்கும் செய்து விற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வின்செஸ்டர் .45 கோல்ட்டுக்கு லீவர் ரைபிள் செய்யவில்லை. அந்நாளைய .45 கூட்டின் அடி விளிம்பு மிகச் சிறியது. ரைபிளின் கொக்கி பற்றி இழுக்க அதில் போதிய பிடிப்பில்லை. விளிம்புக்கு மேலே பள்ளம் வெட்டிய இன்றைய கூடுகளும் நகல் ரைபிள்களும் வந்த பிறகுதான் இந்த இணை ஏற்பட்டது. ஆகவே நாம் சரிசெய்ய முயல்வது, ரைபிளை மனத்தில் வைக்காமல் செய்யப்பட்ட ஒரு தோட்டாவை.

முதல் தேர்வு மருந்து. வேகமாக எரியும் மருந்து அழுத்தத்தைச் சீக்கிரம் உச்சத்துக்குக் கொண்டுபோகும். அதே வேகத்துக்கு மெதுவான மருந்தைவிடக் கூட்டின் வாய் முன்னதாகவே அடைபடும். புல்ஸ்ஐ, டைட்குரூப், ரெட் டாட், கிளேஸ் போன்றவை இந்த வரிசையில் வருகின்றன. யூனிக் அவற்றைவிட மெதுவானது. முழு அளவில் நிரப்பினால் அது நன்றாகவே எரிகிறது. அளவைக் குறைத்ததும்தான் அதன் ‘அழுக்கு மருந்து’ என்ற பெயர் உண்மையாகிவிடுகிறது. தகுந்த அழுத்தம் கிடைக்காத எந்த மருந்தும் பாதியில் அவிந்துபோகும். நீளமான ரைபிள் குழல் மிச்சத்தை எரித்து முடித்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். இந்த வகை மருந்துகளில் அழுத்தத்தின் உச்சம் குண்டு சில அங்குலம் நகர்வதற்குள் முடிந்துவிடுவதால், இருபது அங்குலக் குழல் அந்த அளவுக்கு உதவுவதில்லை; வேகத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

வேகமான மருந்துக்கு இரண்டு விலை கொடுக்க வேண்டும். மருந்தின் பருமன் மிகச் சிறியது என்பதால், பெரிய .45 கூட்டுக்குள் ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஆபத்து உண்டு. அப்படி விழுந்த தோட்டா துப்பாக்கியையே பிளந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு கூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்த்த பின்னரே குண்டை வைக்க வேண்டும் என்பதை நான் விதியாகவே வைத்திருக்கிறேன். இரண்டாவது விலை, மருந்து கூட்டுக்குள் எந்தப் பக்கம் கிடக்கிறது என்பதைப் பொறுத்து அழுத்தம் மாறுவது. உறையிலிருந்து உருவி எடுக்கும் ரிவால்வரில் மருந்து ஒரு பக்கம் சரிகிறது. கிடையாகப் பிடித்து லீவரை அடித்து இயக்கும் ரைபிளில் அது தரையில் கொட்டிய மணல்போலக் கூட்டின் வயிற்றில் பரவிக் கிடக்கிறது. ஆகவே ரிவால்வரில் கரியே தெரியாத தோட்டா ரைபிளில் கரியைக் கக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த நிலைமாற்றத்தை டைட்குரூப் ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. ஆனால் அது சூடாக எரியும்.

இந்த வெற்றிடச் சிக்கலுக்கென்றே வந்தது டிரெயில் பாஸ். பொரிபோல உப்பலான மருந்து. கூட்டை நன்றாக நிரப்பும், இரட்டை அளவு விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். பாதுகாப்பைப் பொறுத்தவரை இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் சுத்தம் என்ற நம் கேள்விக்கு அது பதிலாகவில்லை: .45 கோல்ட்டில் குறைந்த அழுத்தத்தில் சுட்டால் டிரெயில் பாஸும் கூட்டின் பக்கவாட்டில் கரியை இழுக்கிறது. அது இப்போது கடைகளில் கிடைப்பதே அரிதாகிவிட்டதால், அதை நம்பித் திட்டமிட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

இரண்டாவது தேர்வைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; நான் முதலில் முயலச் சொல்வது அதைத்தான். குண்டின் எடையைக் கூட்டுவது. கௌபாய் போட்டிகளில் உதைப்புக் குறைய வேண்டுமென்று 160 அல்லது 200 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) குண்டை .45 கூட்டில் வைக்கிறார்கள். இலகுவான குண்டு சட்டென்று நகர்ந்துவிடுகிறது. மருந்து எதிர்த்துத் தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் அழுத்தம் எழும் முன்பே இடம் விரிந்துவிடுகிறது. 250 கிரெயின் குண்டு வைத்தால், அதே மருந்து, ஏறத்தாழ அதே உழைப்பு, ஆனால் கூட்டின் வாய் முன்னைவிட நன்றாக அடைபடும். உதைப்பு கூடுமே என்ற கவலை ரிவால்வரில் நியாயம். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள ரைபிளைத் தோளில் வைத்துச் சுடும்போது அந்த வேறுபாட்டைத் தோள் பெரிதாக உணர்வதில்லை. ரைபிளுக்குத் தனித் தோட்டா நிரப்புவதென்று முடிவெடுத்துவிட்டால் இந்தத் தேர்வுக்குக் குறையே கிடையாது என்று சொல்லலாம். போட்டி விதிகளும் இடையூறாக இல்லை: அவை ரைபிள் தோட்டாவுக்கு நொடிக்கு 1,400 அடி, ரிவால்வருக்கு 1,000 அடி என்று உச்ச வரம்பு வைத்திருக்கின்றன, 250 கிரெயின் குண்டோடு மிதமாக நிரப்பியது அந்த வரம்புக்கு வெகுதூரம் கீழேயே நிற்கும்.

எடையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பிடிப்பு. கூடு குண்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ அவ்வளவுக்கு மருந்து முதல் நொடித்துளியில் ஒழுங்காகப் பற்றிக்கொள்ளும். வாய் விரிக்கும் கருவி அளவுக்கு மிஞ்சி விரித்துவிட்டால், மேலே வாயை உள்நோக்கி மடக்கி எவ்வளவு கிரிம்ப் கொடுத்தாலும் அந்தப் பிடிப்பு திரும்பாது. நிரப்பிய தோட்டாவின் குண்டு முனையை மேசை விளிம்பில் அழுத்திப் பாருங்கள். குண்டு உள்ளே நழுவினால் மருந்தைக் குறை சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. குழாய் வடிவ மேகசினில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டாக்கள் வில்லின் அழுத்தத்தில் இருப்பதால் இந்தப் பிடிப்பு வேறொரு காரணத்துக்காகவும் கட்டாயம். அந்த மேகசினில் கூர்முனைக் குண்டு கூடவே கூடாது என்பதும், முன்தோட்டாவின் அடியிலுள்ள பிரைமர் (தீமூட்டி) மேல் அமர்வது தட்டையான முனையாகவே இருக்க வேண்டும் என்பதும் தெரிந்த செய்திதான்.

அழுக்கின் இன்னொரு பங்கு மருந்தே அல்ல, மெழுகு. ஈயக் குண்டின் பள்ளங்களில் தடவிய மென்மையான மசகு எரிந்து கனத்த புகையையும் பிசுக்கையும் விடுகிறது. அந்தப் பிசுக்கில்தான் கரி ஒட்டிக்கொண்டு கழுவக் கடினமாகிறது. பாலிமர் பூசிய ஈயக் குண்டுக்கு மாறினால் புகை கண்கூடாகக் குறையும். மாறுவது எளிது; ஆனால் கூட்டின் அடைப்பை இது மாற்றாது என்பதால், பக்கவாட்டுக் கரி அப்படியே இருக்கும், பிசுக்குமட்டும் போகும்.

மூன்றாவது தேர்வு கூட்டின் வாயைச் சூடுகாட்டி மென்மையாக்குவது. தோட்டாப் பித்தளை எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்தது. ஒவ்வொரு முறை டையில் (கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் அச்சு) அழுத்தும்போதும் விரிக்கும்போதும் அது இறுகிக்கொண்டே போகிறது. அதனால்தான் புதுக் கூட்டில் காணாத கரி பத்தாவது நிரப்பில் எட்டிப் பார்க்கிறது. வாய்ப்பகுதியை மட்டும் அளவாகச் சூடுகாட்டினால் பித்தளை பழைய இளக்கத்துக்குத் திரும்பி, குறைந்த அழுத்தத்திலும் விரிந்து அடைக்கிறது. .45 கோல்ட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்களில் பலர் இந்த ஒரு வேலையால்தான் நிம்மதி அடைந்தார்கள். ஆனால் இதில் எச்சரிக்கை கடுமையானது: சூடு அடிப்பகுதிக்கு இறங்கிவிடக் கூடாது. அழுத்தத்தைத் தாங்கும் இறுக்கம் அடியில்தான் இருக்கிறது. அது இளகிய கூட்டைச் சரிசெய்ய வழியே இல்லை, நசுக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். வாய் அளவுக்கு மீறி இளகினாலும் குண்டின் பிடிப்புத் தளர்ந்து, இதுவரை பார்த்த நன்மையையெல்லாம் தின்றுவிடும். நெருப்பின் நிறத்தைப் பார்த்துக் கணிக்கிறேன் என்பவர்கள் பகல் வெளிச்சத்தில் அந்த நிறம் ஏமாற்றும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நூறு கூடுகளுக்கு ஒரே மாதிரி சூடு கொடுக்கும் பொறுமையோ கருவியோ இல்லாதவர் இதில் இறங்காமல் இருப்பது நல்லது.

இதன் எளிய உறவுமுறை ஒன்று உண்டு. ரைபிளில் சுட்ட கூடு அந்த ரைபிளின் அறைக்கேற்ப விரிந்திருக்கிறது. அதை டையில் முழுதாக அழுத்திப் பழைய அளவுக்குச் சுருக்காமல், குண்டு உட்காரும் ஆழம் வரைக்கும் மட்டும் அழுத்தினால், கூட்டின் கீழுடல் அறையை நிறைத்தபடி இருக்கும், வாயுவுக்கு வழி குறையும், பித்தளையும் குறைவாக இறுகும். கார்பைடு டைகள் .45 கூட்டைத் தேவைக்கு மேல் சுருக்கிவிடும் பழக்கமுள்ளவை என்பதால் இதில் உண்மையான ஆதாயம் தெரிகிறது. ஆனால் அப்படி நிரப்பிய தோட்டா ரிவால்வரின் அறைக்குள் போகாமல் முரண்டு பிடிக்கலாம். ஆகவே இந்த வழியும் ரைபிளுக்குத் தனிக் கூடு என்ற முடிவை நோக்கியே நம்மைத் தள்ளுகிறது.

நான்காவது, தோட்டாவையே மாற்றுவது. அதாவது ரைபிளையே மாற்றுவது, அல்லது இன்னும் வாங்காதவர் சரியாக வாங்குவது. இங்கே .44-40 ஒப்பற்றது. மெல்லிய வாயும், லேசாக ஒடுங்கும் கழுத்தும் சேர்ந்து, மென்மையான நிரப்பிலும் அறையை அடைத்துக்கொள்கின்றன. பத்துத் தோட்டாவுக்குப் பின் கேரியரை ஒற்றினால் துணி ஏறக்குறைய வெள்ளையாகவே திரும்பும். கறுப்பு வெடிமருந்து சுடுபவருக்கு இது வெறும் வசதியல்ல, அவசியம். கறுப்பு மருந்தின் எடையில் பாதிக்கும் மேல் திடக் கழிவாக மிஞ்சுகிறது. அது ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். .45 கோல்ட்டில் அந்தக் கழிவு இயங்குபாகங்களுக்குள் இறங்கும்; .44-40இல் பெரும்பாலும் குழலோடு நின்றுவிடும், வெந்நீர் ஊற்றிக் கழுவிவிடலாம்.

அதே மெல்லிய வாய்தான் நிரப்பும் மேசையில் வில்லனாகிறது. குண்டை வைக்கும்போது சற்றே கோணினாலும் .44-40 கூட்டின் கழுத்து காகிதக் குவளைபோல மடிந்துவிடும். குண்டை வைப்பதையும் கிரிம்ப் கொடுப்பதையும் ஒரே அடியில் முடிக்க நினைத்தால் நூற்றுக்குச் சில கூடுகளைப் பலிகொடுக்க வேண்டியிருக்கும். இரண்டையும் தனித்தனி டையில் செய்தால் இழப்பு அருகிவிடும். உடல் சாய்வாக இருப்பதால் எண்ணெய் பூசாமல் அழுத்தும் கார்பைடு டையின் சொகுசு இதற்கில்லை. ஒவ்வொரு கூட்டுக்கும் மசகு தடவித் துடைக்க வேண்டும். குழலின் அளவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது: பழைய அளவு 0.427 அங்குலம், இன்றைய நகல்கள் பல 0.429. வாங்கிய ரைபிளின் குழலை அளந்து பார்க்காமல் குண்டு வாங்குவது வீண்செலவு. .45க்கு ஒரு மணி நேரம் எடுக்கும் நிரப்பு வேலைக்கு இதில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்று நான் சொல்வேன்.

.357 ரைபிளைப் பற்றி நீட்டிப் பேச அவசியமில்லை. அதன் வெற்றிடம் சிறியது, மருந்து குறைவு, கூடு மலிவு, போட்டியில் முன்வரிசையில் நிற்பவர்களில் பலர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு நுணுக்கம். .38 ஸ்பெஷல் கூடு 1.155 அங்குலம், .357 மேக்னம் கூடு 1.290 அங்குலம். .357 அறையில் .38 சுட்டுக்கொண்டே இருந்தால் கூட்டின் வாய் முடியும் இடத்துக்கு முன்னால் கரி வளையமாகக் கட்டிக்கொள்கிறது, பிறகு ஒருநாள்.357 போட்டால் ஏற மறுக்கும். 1873 மாதிரியின் கேரியர் தோட்டாவின் மொத்த நீளத்தையும் கறாராகப் பார்க்கும்: குட்டையான தோட்டா வந்தால் அடுத்த தோட்டாவின் அடி விளிம்பு கேரியருக்குள் நுழைந்து பொறி இறுகிவிடுகிறது. ஆகவே .38 அளவுக்கான மருந்தை .357 கூட்டில் நிரப்பலாமே என்று தோன்றும். நீளம் சரியாகும், வளையமும் கட்டாது; ஆனால் கூடு பெரிதாவதால் அழுத்தம் இறங்கி, எந்தக் கரியை ஒழிக்க வந்தோமோ அது வேறு வாசலில் நுழையும். மருந்து நிறுவனம் வெளியிடும் நிரப்புக் கையேட்டில் .357க்கென்றே தரப்பட்டிருக்கும் மென்மையான நிரப்பைப் பின்பற்றினால் இந்தக் குழப்பம் இல்லை.

அழுத்தத்தை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற குறுக்குவழியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். .44 மேக்னம் ரைபிளில் கரியே தெரியாது என்பது உண்மை. ஆனால் 1873 மாதிரியின் முழங்கால்மூட்டு போன்ற பூட்டு அமைப்பு கறுப்பு மருந்துக் கால அழுத்தத்துக்கானது. 1892 மாதிரியும் மார்லின் 1894உம் அதைவிட வலுவானவை என்பதால், அந்த ரைபிள்களுக்கென்று கையேடுகள் .45 கோல்ட்டுக்குத் தனிப்பிரிவே கொடுப்பதுண்டு. அந்தப் பிரிவைப் பார்த்து நிரப்பிய தோட்டா தவறிப்போய் 1873 ரைபிளிலோ பழைய ரிவால்வரிலோ ஏறினால் நடக்கக்கூடியதைப் பற்றி நினைக்கவே கூசுகிறது. சுத்தத்துக்காக அழுத்தத்தை ஏற்றும் இந்த வழியை இரண்டு வகைத் துப்பாக்கியும் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மருந்தின் அளவு எதையும் இந்தக் கட்டுரையில் நான் எழுதாததும் இதனால்தான்: அளவுகள் மருந்து நிறுவனம் வெளியிடும் கையேட்டிலிருந்து, அந்தக் குண்டு, அந்தத் துப்பாக்கி வகை இரண்டும் பொருந்திய வரியிலிருந்து மட்டுமே எடுக்கப்பட வேண்டும்.

எதிர்த்திசையில், மென்மையாக்குகிறேன் என்று மருந்தைக் குறைத்துக்கொண்டே போவதும் ஆபத்தே. ரிவால்வரின் குறுங்குழலைத் தட்டுத்தடுமாறித் தாண்டிய குண்டு, ரைபிளின் நீண்ட குழலில் நடுவழியில் நின்றுவிடலாம். பின்னால் வரும் தோட்டா அதன்மேல் மோதினால் குழல் வீங்கும், அல்லது வெடிக்கும். செம்புறை போட்ட குண்டில் உராய்வு கூடுதல் என்பதால் அபாயமும் கூடுதல்.

ஏற்கெனவே .45 கோல்ட் ரைபிள் வைத்திருப்பவர் அதை விற்கத் தேவையில்லை என்பதே என் தீர்ப்பு. 250 கிரெயின் பூசிய ஈயக் குண்டு, கையேடு அனுமதிக்கும் வேகமான மருந்து ஒன்று அந்தக் குண்டுக்குரிய அளவின் நடுப்பகுதியில், நல்ல பிடிப்பு, ரைபிளுக்கென்று ஒதுக்கிய கூடுகள்: இந்த நான்கோடு கரி பெரும்பாலும் கூட்டின் வாயோரத்தில் ஒரு சிறு வளையமாகச் சுருங்கிவிடும். அது போதாதவர் அதற்குப் பிறகு சூடுகாட்டுவதைப் பற்றி யோசிக்கட்டும். புதிதாக வாங்குபவர் புகையில்லா மருந்து மட்டுமே சுடுவார் என்றால் .357, கறுப்பு மருந்தின் மேல் காதல் இருந்தால், நிரப்பும் மேசையில் பொறுமையும் இருந்தால்,.44-40.

மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். குண்டை மட்டும் மாற்றிப் பத்து, பிறகு மருந்தை மட்டும் மாற்றிப் பத்து என்று சுட்டு, கூடுகளை வரிசையாக நிறுத்தி, கரி எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் கேரியரைத் துடைத்துவிட மறக்க வேண்டாம். தேறிய நிரப்பைத் தனிப் பெட்டியில் போட்டு, பிரைமர்களின் மேல் பேனாவால் ஒரே நிறத்தில் கோடிட்டு வையுங்கள். போட்டியின் அவசரத்தில் ரைபிள் தோட்டா எது, ரிவால்வர் தோட்டா எது என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும்.